கண்ணாடி ஏறும் நேரம்

வண்டி பழசுதான், அதற்காக வண்டியைக் குறை சொல்லக் கூடாது என்று சவடமுத்து ஸ்டீயரிங்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி இன்னொரு முறை தனக்குள் சொல்லிக்கொண்டார். தலை கிளட்ச் மிதிக்குப் பக்கத்தில், கால் இரண்டும் திறந்த கதவுக்கு வெளியே ஷெட்டின் புழுதியில், நெற்றியிலிருந்து இறங்கிய வியர்வை காதுக்குள் போய்த் தேங்கிக் கிடந்தது. சின்ன டார்ச்சை வாயில் கடித்திருந்தார், வலது பக்கப் பல்லால் மட்டும், ஏனென்றால் இடது தாடை எதையும் கடிக்கிற நிலைமையில் இல்லாமல் போய் எத்தனையோ காலம் ஆகிறது. யாரோ ஒரு கிரானைட் முதலாளி ஆண்டு அனுபவித்துக் கழித்துப் போட்ட நாலு கதவுப் பிக்கப் இது. மில் தொழிலாளர் சங்கம் வாங்கி, கூரைமேல் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளை ஏற்றி, பக்கவாட்டில் சிவப்பில் பெயர் எழுதிப் பிரச்சார வண்டி ஆக்கியிருந்தது. முதலாளி ஓட்டிய காலத்தில் சுவிட்சை அமுக்கினால் கண்ணாடி ஏறுவதும் ஒரே தட்டில் எல்லாக் கதவும் பூட்டிக்கொள்வதும் பவிசு, இப்போது அது உயிர்ச் சங்கதி. போன வெள்ளிக்கிழமை மில் வாசலில் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. டிரைவர் ரபீக் சுவிட்சை அமுக்கிக்கொண்டே இருந்தானாம், கண்ணாடி முக்கி முனகி விரலளவு ஏறுமாம், நிற்குமாம், மறுபடி விரலளவு ஏறுமாம், அதற்குள் வெளியிலிருந்து ஒரு கை உள்ளே வந்து அவன் தலைமுடியைக் கொத்தாகப் பற்றிக் கதவுச் சட்டத்தில் மோதிவிட்டது. புருவத்தில் தையல். இன்றைக்கு ஷிப்ட் மாறுகிற நேரத்தில் அதே வாசலில் அதே கூட்டம், வண்டியை ஓட்டப் போவதும் உள்ளே உட்கார்ந்து பேசப் போவதும் செயலாளர் அமலோற்பவம். காலையில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அவள் சொன்னது இவ்வளவுதான்: "கண்ணாடி வெரசா ஏறணும், கதவு பூட்டணும். அது போதும் தோழர்." அது போதும். முப்பது வருஷம் அந்த வாசலில் தொண்டை கிழியக் கத்தின மனுஷனிடம் கேட்பதற்கு அவளுக்கு அது போதும்.

கம்பியைக் கண்டால் மனசு சமாதானமாகிவிடும், மனுஷர்களைப் போல அது குழப்பாது. பாட்டரியிலிருந்து கிளம்புகிற கரண்டு இன்ஜினைச் சுற்றி, சாவிக்குள் நுழைந்து, ஃபியூஸ் பெட்டியில் இளைப்பாறி, டிரைவர் கதவுச் சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து திரும்பி, கதவுக் கீல் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் நூலாட்டம் மெலிந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு மோட்டாரைச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தார் காலையில், பாட்டரியில் பன்னிரண்டரை, மோட்டார் ஓடும்போது அதன் வாயில் எட்டு. மீதி நாலரை எங்கே? வழியில் தின்றாயிற்று. சுவிட்சைக் கழற்றிப் பிளந்தால் உள்ளே முனைகள் கரிந்து அடுப்படிச் சட்டி மாதிரி இருந்தன. அதற்குத்தான் ரிலே, தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி, அடியில் ஐந்து கால். முன்கதவுக் கண்ணாடி ஒவ்வொன்றுக்கும் இரண்டு, ஏற ஒன்று இறங்க ஒன்று, பூட்டுக்கு இரண்டு. இனிமேல் சுவிட்ச் பெரிய கரண்டைச் சுமக்காது, ரிலேக்குள் இருக்கிற சின்ன நாக்கை டிக்கென்று சாய்க்கிற அளவுக்குத் துளி கரண்டு போனால் போதும், நாக்கு சாய்ந்ததும் பாட்டரியிலிருந்து நேராக வருகிற தடித்த கம்பி மோட்டாருக்கு வாயைத் திறந்துவிடும். ஓயாமல் சுமந்தால் கரியத்தானே செய்யும் என்று ஒரு நினைப்பு வந்து எட்டிப் பார்த்தது, போ அந்தப் பக்கம் என்று விரட்டினார். கம்பியில் நீதி தேடுகிற பழக்கம் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்கு எழுதுகிறவர்களுக்கு இருக்கட்டும். மில்லில் பஞ்சை உதறிப் பிரிக்கிற ப்ளோரூமில் எலக்ட்ரீஷியனாக இருந்தபோது மேல்படிப்புப் படித்து வந்த இன்ஜினீயர் ஒருத்தன் இப்படித்தான், எந்தப் பழுதைக் காட்டினாலும் ஒரு தத்துவம் சொல்வான், பழுது அப்படியே இருக்கும். அந்த ப்ளோரூமின் பஞ்சு இன்னும் நெஞ்சுக்குள் எங்கோ இருக்கிறது, மல்லாந்து படுத்தால் மூச்சோடு சேர்ந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வருகிறது, டார்ச்சை வாயில் கடித்திருந்தால் இன்னும் தெளிவாகக் கேட்கிறது. பஞ்சு, வெள்ளைப் பஞ்சு, முகட்டிலிருந்து உதிர்ந்து விழுந்தபடியே இருக்கும், தலைமுடியில், இமையில், சாப்பாட்டுத் தூக்கில், அவர் படித்த முதல் துண்டறிக்கையின் மேல்கூட விழுந்து எழுத்தை மறைத்தது. ஊதி ஊதிப் படித்தார். பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு நிறுத்தியவருக்கு வாக்கியம் என்றால் என்ன என்று அந்தத் தாள்தான் காட்டியது. தொழிலாளி கேட்கிறான், முதலாளி மறுக்கிறான், ஆகவே. அந்த ஆகவேயைப் படித்தபோது உடம்பில் ஓடியது எத்தனை வோல்ட் என்று எந்த மீட்டர் சொல்லும்.

"அண்ணே, உசுரோட இருக்கீகளா?" ரபீக்கின் குரல். ஷெட்டின் வாசலில் பழைய வேன் சீட் ஒன்றைப் போட்டு அதில் சாய்ந்திருந்தான், புருவத்துக் கட்டு வெயிலில் பளீரென்று தெரிந்தது. டார்ச்சைத் துப்பிவிட்டு, "செத்தா சொல்லியனுப்புறேன், மாலையோட வா," என்றார். "மாலைக்குச் சங்கத்துல தீர்மானம் போடணும்ணே, அமலோற்பவம் தோழர் சும்மா விடாது, மாலை எதுக்கு, பூ எதுக்கு, அந்தக் காசுக்கு நோட்டீஸ் அடிக்கலாம்னு சொல்லும்." சிரித்தான், சிரிக்கும்போது தையல் இழுத்து அம்மா என்றான். "சிரிக்காதடா, பிரிஞ்சுரும்." "நீங்க பேசாம இருந்தா நான் ஏன் சிரிக்கிறேன். ஆமா, பூட்டுக்கும் சேத்துத்தான மாட்டுறீக?" இந்தக் கேள்விக்காகத்தான் பயல் உட்கார்ந்திருக்கிறான் என்று சவடமுத்துவுக்குத் தெரியும். "பாப்போம்," என்றார். "பாப்போம்னா?" "பாப்போம்னா பாப்போம்தான்." வெளியே தீக்குச்சி உரசும் சத்தம், பீடிப் புகை உள்ளே மிதந்து வந்தது. "அண்ணே, உங்க காலம் வேறண்ணே," என்றான் ரபீக் மெதுவாக, நோயாளியிடம் பேசுகிற குரலில்.

என் காலமாம். சங்கத்து வண்டியின் கதவைப் பூட்டக் கூடாது என்பது எழுதாத விதி, யாரும் தீர்மானம் போடவில்லை, தானாக வந்தது, நிலைத்தது. பூட்டிய கதவுக்குள் உட்கார்ந்து வாசலுக்கு வருகிறவன் மேனேஜர், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கூட்டத்தைப் பார்க்கிறவன் கலெக்டர். பெரிய வேலைநிறுத்தத்தின்போது அவர் நின்று பேசிய ஜீப்புக்குக் கதவே கிடையாது, இருந்ததையும் கழற்றி ஆபீஸ் சுவரில் சாய்த்து வைத்தார்கள், நனைந்து துருப்பிடித்து, அதில் யாரோ சுண்ணாம்பில் அறிவிப்பு எழுதுவார்கள். கதவில்லாத ஜீப்பிலிருந்து அவரை இழுத்தார்கள், அடியாட்கள், லுங்கியை மடித்துக் கட்டினவர்கள், ஒருத்தன் வாயில் வெற்றிலை, அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, அடிக்கிறபோதும் மென்றுகொண்டே இருந்தான். தாடை உடைந்த சத்தம் வெளியே கேட்டதா உள்ளே கேட்டதா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. எழுந்து நின்றார், அதுதான் விஷயம், எழுந்து நின்றார், ரத்தத்தைத் துப்பிவிட்டு விட்ட இடத்திலிருந்து வாக்கியத்தை முடித்தார், மைக் இல்லாமல், தாடை இல்லாமல், முடித்தார், கூட்டத்தில் ஒருத்தர் நகரவில்லை. இதை இப்போது யாரிடம் சொன்னாலும் ஆமா தோழர் என்று சொல்லிக் கைபேசியைப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு பேச்சு இடது பக்கமாகச் சாய்ந்துவிட்டது, வேகமாகப் பேசினால் எச்சில் தெறிக்கிறது, மைக்கில் கேட்கும்போது இன்னும் மோசம், யாரோ ஈரத்துணியை வாயில் வைத்துப் பேசுகிற மாதிரி. இரண்டு வருஷத்துக்கு முன் கமிட்டியில் தீர்மானம் வந்தது, தோழர் சவடமுத்து இனி வழிகாட்டும் பொறுப்பில் இருப்பார் என்று. எவ்வளவு மரியாதையான வார்த்தை, வழிகாட்டும் பொறுப்பு. கைகாட்டி மரத்துக்கும் அதே பொறுப்புத்தான். எல்லாரும் கை தூக்கினார்கள், அவரும் தூக்கினார், தூக்காமல் இருந்தால் தோழர் புண்பட்டார் என்பார்கள். போன வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. ரபீக் தலையில் கட்டோடு வந்து சொல்லித்தான் தெரியும். அமலோற்பவம் பேசி அவர் இரண்டு தடவை கேட்டிருக்கிறார், மில்லில் நூல் நூற்கிற ரிங்ஃபிரேமில் நின்ற பெண், வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒன்பது பெண்களில் ஒருத்தி, ரேஷன் கடையில் அட்டையை நீட்டுகிறவள் மாதிரிப் பேசுகிறாள், ஏற்றமில்லை, இறக்கமில்லை, அந்த ஆகவேயும் இல்லை. எங்களை வேலைக்குத் திரும்ப எடுக்கணும். ராத்திரி ஷிப்டுக்கு வண்டி விடணும். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் போடணும். இவ்வளவுதான் பேச்சு. ஆனால் மில் ஆஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பெண்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார்கள், கேட்டதை அவர் பார்த்தார், பார்த்ததை மறுக்க முடியாது, பிடிக்கவில்லை என்றாலும்.

ரிலேகளை வரிசையாக ஒரு தகட்டில் திருகி ஸ்டீயரிங் பக்கத்து இடுக்கில் ஏற்றினார், ஈயத்தை உருக்கி ஒவ்வொரு முனையையும் பிடிக்க வைத்தார், பிசின் கருகுகிற அந்தப் புகை கண்ணைக் கரித்தது, அவருக்கு அது ஊதுபத்தியைவிட உசத்தி. பெரிய கரண்டுக்கான மூலம் எங்கே எடுப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மைக் செட்டுக்காகப் பாட்டரியிலிருந்து நேராக சீட்டுக்குப் பின்னால் வரும் தடித்த சிவப்புக் கம்பியை இழுத்ததே அவர்தான், சுண்டுவிரல் பருமன், இன்ஜின் தடுப்பில் ஓட்டை போட்டு ரப்பர் வளையம் வைத்து ஒழுங்காகக் கொண்டுவந்தது, ஆம்ப்ளிஃபயர் போக அதில் இன்னும் நாலு மோட்டாரை ஓட்டலாம். அதில் ஒரு கிளை எடுத்தார், ரிலேக்குக் கொடுத்தார், முடிந்தது. புதுசாக ஓட்டை போட வேண்டாம், அரை நாள் வேலை மிச்சம், சங்கத்துக் கம்பியிலேயே சங்கத்து வேலை. வெளியே உருண்டு எழுந்து, முதுகுப் புழுதியைத் தட்டாமலே, சுவிட்சை அமுக்கினார். டிக். சர்ரென்று கண்ணாடி ஏறியது, மூச்சுவிடுகிற நேரம், அவ்வளவுதான், மேல் ரப்பரில் போய் முட்டி நின்றது. இறக்கினார், ஏற்றினார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ரபீக் விரலை வாயில் வைத்து விசிலடித்தான், தையல் வலித்து நிறுத்தினான். "அண்ணே, வெள்ளிக்கெழம இது இருந்திருந்தா அவென் கையே துண்டாப் போயிருக்கும்ணே!" "துண்டாக்குறதுக்கா மாட்டுனேன்? உள்ள வராம இருக்கத்தான்." "அதச் சொல்றேன்." பூட்டு மட்டும் பாக்கி. இரண்டு ரிலேயும் தகட்டில் இருந்தன, கம்பியும் தயாராகத் தொங்கியது, இணைக்கவில்லை. மோட்டார் எரிந்துபோயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். அமலோற்பவம் பிளந்து பார்க்கவா போகிறாள்? பழைய வண்டி, எரிந்திருக்கும், கண்ணாடி ஏறினால் போதாதா, கதவு திறந்தே இருக்கட்டும், வழக்கம் வழக்கமாக இருக்கட்டும், ஒரு பொய் ஒரு கொள்கையைக் காப்பாற்றினால் அது பொய்யா என்று ஒரு கேள்வி பழைய மாநாட்டுப் பந்தலிலிருந்து எழுந்துவந்து நின்றது. தூ, என்றார் சத்தமாக. ரபீக், "என்னண்ணே?" என்றான். "ஒண்ணுமில்ல, ஈயம் சுட்டுருச்சு." கம்பியைப் பிடித்துச் செருகினார். எரிந்துபோகாத மோட்டாரை எரிந்தது என்று சொல்வதற்கு அவர் என்ன இன்ஜினீயரா. நாலு கதவிலும் ஒரே நேரத்தில் டொக் என்று விழுந்தது பூட்டு, சத்தத்தில் ஒரு தடுமாற்றம் இல்லை, கேட்கப் பிடிக்காத சத்தம், ஆனால் வேலை சுத்தம்.

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, இரண்டு கண்ணாடியையும் ஏற்றிப் பூட்டையும் அமுக்கினார், ஒரு சோதனைக்காக, அப்புறம் சும்மா உட்கார்ந்தார். வெளியே நெடுஞ்சாலையில் லாரி போனது, சத்தம் வரவில்லை. ரபீக் வாயை அசைத்தான், சத்தம் வரவில்லை. சூடு மெல்ல ஏறியது, பழைய ரெக்ஸின் வாடை, கிரானைட் முதலாளியின் ஏதோ செண்டு இன்னும் துணிக்குள் பதுங்கியிருந்தது. மேனேஜர்கள் இப்படித்தான் வந்திருக்கிறார்கள் இத்தனை காலமும், மீன்தொட்டியில் இருக்கிற மாதிரி, வெளியே வாய்கள் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு. கொக்கியில் மைக் தொங்கியது. அதன் வலைத்தலையில் எத்தனை பேருடைய எச்சில், அவருடையதும் உண்டு, அதிகம் அவருடையதுதான். எடுத்தார். மைக் செட்டுக்குக் கரண்டு விடுகிற, ஹாண்ட்பிரேக் பக்கத்துச் சிவப்புச் சுவிட்ச் காலையிலிருந்தே மேலே தள்ளித்தான் இருந்தது, ஒலியை மட்டும் சுத்தமாகக் குறைத்து வைத்தார். பஞ்சுத் தூசியை மூச்சாய் இழுத்த தோழர்களே. உதடு அசைந்தது, அவ்வளவுதான். கூட்டம் தெரிந்தது, புளியமரத்துக்குக் கீழே, மதில் ஓரமாக, சைக்கிளில் கால் ஊன்றியபடி, தூக்குச்சட்டியோடு, கேட் கூர்க்காவின் பின்னால், பஞ்சு ஒட்டிய தலைகள், அவர் கையைத் தூக்கினால் எழும், தாழ்த்தினால் அடங்கும். தொழிலாளி கேட்கிறான். மூச்சை இழுத்தார், விசில். முதலாளி மறுக்கிறான். இனி வருவார் அவர், எப்போதும் இந்த இடத்தில்தான் வருவார், இன்ஸ்பெக்டர், தொப்பியைச் சரிசெய்தபடி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூட்டத்தைக் கிழித்து நடந்து வந்து ஜீப் கம்பியில் லத்தியால் தட்டுவார், யோவ், மைக்கை அணை, அணைய்யா மொதல்ல. ஊர் மாறினாலும் ஆள் மாறினாலும் அந்த வாக்கியம் மாறியதில்லை. மைக்கை அணைப்பதில் தகராறு செய்யக் கூடாது என்பதும் எழுதாத விதிதான், செட்டைப் பறிமுதல் செய்துவிட்டால் திரும்ப வாங்கக் கோர்ட்டுக்கு அலைய வேண்டும், ஆகவே சொன்னதும் அணைப்போம், அணைத்துவிட்டுத் தொண்டையில் பேசுவோம், அணைத்த பிறகுதான் உண்மையான கூட்டமே தொடங்கும். கை தானாகப் போய்ச் சிவப்புச் சுவிட்சைக் கீழே தள்ளியது, முப்பது வருஷப் பழக்கம், அவரைக் கேட்டா போகிறது கை. புழுக்கம் தாங்காமல் கண்ணாடியை இறக்கச் சுவிட்சை அமுக்கினார். டிக் என்றது. கண்ணாடி அசையவில்லை.

மறுபடி அமுக்கினார். டிக். அந்தப் பக்கம். டிக். ரிலேயின் நாக்கு ஒழுங்காகத்தான் சாய்கிறது, சாய்ந்து வாயைத் திறக்கிறது, வாய்க்கு வர வேண்டியது வரவில்லை. பூட்டை அமுக்கினார், அதுவும் செத்த டிக். அரைக் கணம், அரைக் கணம்தான், தாடையின் இடது பக்கம் ஜில்லென்று ஆனது, மீன்தொட்டிக்குள் இருந்த காற்று தீர்ந்துவிட்ட மாதிரி, உடனே விரல் கதவுக் குமிழைத் தேடி மேலே இழுத்தது, கதவு திறந்தது, வெயில் முகத்தில் அடித்தது. குமிழ் இருக்கிறது, பூட்டியவனுக்குத் திறக்க வழி இருக்கிறது, பயம் அதில்லை. பயம் கண்ணாடியில். சிவப்புச் சுவிட்ச் மைக் கம்பியின் தலையில் இருக்கிறது, அதை அணைத்தால் அந்தக் கம்பியில் தொங்குகிற எல்லாமே அணையும், அந்தக் கம்பியில்தான் அவர் கிளை எடுத்தார், அரை நாள் மிச்சமென்று, சங்கத்துக் கம்பியில் சங்கத்து வேலையென்று. இன்றைக்கு அவள் கண்ணாடியை இறக்கிவைத்துப் பேசுவாள், பெண்கள் பக்கத்தில் வந்து நிற்பார்கள், தொப்பி வரும், மைக்கை அணை என்று வரும், அவள் அணைப்பாள், அணைத்ததும் தொப்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலடி நகரும், அந்த நாலடி எதற்கு என்று அவருக்குத் தெரியாதா, வெற்றிலை மென்றவன் அந்த நாலடிக்குப் பிறகுதானே வந்தான். அவள் சுவிட்சை அமுக்குவாள், டிக், டிக், டிக். கை உள்ளே வரும். நீண்ட முடி, பின்னிப் போட்ட முடி, பிடிக்க வசதியான முடி. தையல் போடப் புருவம் மிஞ்சுமோ என்னவோ. பழைய கம்பியிலாவது கண்ணாடி முக்கி முனகிப் பாதியாவது ஏறியது, மைக்கை அணைத்தாலும் ஏறியது, ஏனென்றால் அது சாவி வழியாக வந்தது. அவர் கை வைத்த பிறகு அதுவும் போய்விட்டது. வேறெந்த மெக்கானிக்கும் செய்திருக்க மாட்டான் இந்தக் காரியத்தை, வேறெந்த மெக்கானிக்கின் வண்டியிலும் சிவப்புச் சுவிட்ச் கிடையாது, வேறெந்த மெக்கானிக்கின் கையும் இன்ஸ்பெக்டரைக் கனவு கண்டு அதை அணைக்காது. சரி. கை போட்ட தப்பைக் கைதான் காட்டிக்கொடுத்தது. கணக்கு நேர். வெயில் ஷெட்டின் தகரத்தைத் தாண்டிச் சுவரில் பாதிக்கு வந்துவிட்டது, மில் சங்கு ஊத இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது, கொஞ்சம்தான், ஆனால் செய்துவிடலாம், அவரால் செய்துவிட முடியும், வேறு யாரால் என்று கேட்டால் யாராலும் இல்லை.

"முடிஞ்சிருச்சின்னீக?" என்றான் ரபீக், அவர் டிரில்லிங் மெஷினை எடுப்பதைப் பார்த்து. "மெருகு போடுறேன்." "கண்ணாடிக்கா?" "பேசாம போயி அந்தக் கெட்டிக் கம்பிச் சுருளை எடுத்தா. ஃபியூஸ் மாட்டுற வீடும் ஒண்ணு." ரபீக் அவர் முகத்தைப் பார்த்தான், வேறொன்றும் கேட்காமல் எழுந்து போனான், நல்ல டிரைவர்கள் அப்படித்தான், ரோட்டைப் படிக்கிற மாதிரி முகத்தையும் படிப்பார்கள். இன்ஜின் தடுப்பில் டிரில்லை வைத்து நெஞ்சால் அழுத்தினார், இரும்புத் தூள் சூடாக முழங்கையில் விழுந்தது, ஓட்டை, ரப்பர் வளையம், பாட்டரியின் தலையிலிருந்து புதுக் கம்பி, பாட்டரியை ஒட்டியே ஃபியூஸ், எவன் சொன்னாலும் ஃபியூஸ் இல்லாமல் கம்பி இழுக்க மாட்டார். யாரும் அணைக்க முடியாத கம்பி, இன்ஸ்பெக்டர் சொன்னாலும் அணையாத கம்பி, கண்ணாடிக்கும் பூட்டுக்கும் மட்டும். வேலை வேகமானதும் நினைப்பும் வேகமானது. அந்தப் பெண் மைக்கை அணைத்த பிறகு என்ன செய்வாள்? அவரானால் தொண்டையில் பேசுவார். அவள் பேச மாட்டாள் என்று ரபீக் சொன்னான், வெள்ளிக்கிழமையும் பேசவில்லையாம், சும்மா உட்கார்ந்திருந்தாளாம், ஆஸ்டல் பெண்கள் ரோட்டில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்களாம், யாரும் சொல்லவில்லை, தானாக. இதென்ன போராட்டம் என்று அன்றைக்கு அவர் கேலி செய்தார். உட்கார்ந்த கூட்டத்தை எப்படிக் கலைப்பது என்று தெரியாமல்தான் அடியாளை வண்டிப் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். இது இப்போது, டிரில்லுக்கு நடுவில், ஈயப் புகைக்கு நடுவில் புரிந்தது, புரிந்தது பிடிக்கவில்லை, பிடிக்காவிட்டால் என்ன, கம்பியை இழுத்துக் கட்டு. பழைய கிளையை வெட்டினார். புது முனையைப் பிடிக்க வைத்தார். டேப். சிவப்புச் சுவிட்சைக் கீழே தள்ளினார், கண்ணாடியை அமுக்கினார். சர். பூட்டு. டொக். நெஞ்சுக்குள் விசில் நின்று போயிருந்தது, அல்லது கேட்க மறந்துவிட்டார்.

அமலோற்பவம் நடந்துதான் வந்தாள், ஒரு கையில் நோட்டீஸ் கட்டு, மற்றக் கையில் செருப்பு, வார் அறுந்திருந்தது. "அந்த மில்லு வாசலுக்குப் போறதுக்குள்ள செருப்பே போராட்டத்துக்கு வந்துருச்சு தோழர்," என்றாள், ரபீக் சிரித்து அம்மா என்றான். "ஆயிருச்சா?" "பாத்துக்க," என்றார் சவடமுத்து, துணியில் கையைத் துடைத்தபடி. அவள் வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தாள், சாவியைத் திருப்பினாள், கதவைச் சாத்தினாள். அவர் எதிர்பார்த்தது விரல் நேராகக் கண்ணாடிச் சுவிட்சுக்குப் போகும் என்று. அது போகவில்லை. ஹாண்ட்பிரேக் பக்கம் குனிந்து முதலில் சிவப்புச் சுவிட்சைப் போட்டாள், அணைத்தாள், அணைத்த விரலை எடுக்காமல் ஒரு கணம் வைத்திருந்தாள், பிறகுதான் கண்ணாடியை அமுக்கினாள். சர்ரென்று அவளுக்கும் அவருக்கும் நடுவில் கண்ணாடி எழுந்தது. டொக். உள்ளே இருந்து அவரைப் பார்த்தாள். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டிருந்தாள், இதுவரைக்கும் அவர் கவனிக்காதது, முடியை ரவிக்கைக்குள் செருகி ஊசி குத்தியிருந்தாள். கண்ணாடி இறங்கியது. "அன்னிக்கு மைக்க அணைச்சதுக்கு அப்புறந்தான், தோழர், அந்தக் கை உள்ள வந்துச்சு," என்றாள், அதே ரேஷன் கடைக் குரல், "அதான் பாத்தேன்." "தெரியும்," என்றார் அவர். வேறு யாராவது சொல்லியிருந்தால் அது பெருமையாக ஒலித்திருக்கும், உடைந்த தாடையில் வெறும் தகவலாக ஒலித்தது. ரபீக் எங்கோ பார்த்துக்கொண்டு பீடியை நசுக்கினான்.

அவள் எட்டி மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "ஏறுங்க." அவருக்குக் கேட்காத மாதிரி இருந்தது. "ஏறுங்க தோழர், நேரமாச்சு. எனக்கு ஓட்டவும் தெரியும், பேசவும் தெரியும், ஆனா தொப்பி எந்தப் பக்கமா நகருறான்னு பாக்க ஒரு ஆள் வேணும். அது உங்களுக்குத்தான் தெரியும்." திறந்த கதவையும் சீட்டையும் பார்த்தார், கதவு விளிம்பில் அவரே இணைத்த பூட்டின் நாக்கு பளபளத்தது. அவள் பூட்டத்தான் வேண்டும், இன்றைக்குப் பூட்டாவிட்டால் அவரே கத்துவார். ஆனால் பூட்டிய கதவுக்குள் உட்கார்ந்து அந்த வாசலுக்குப் போக அவர் உடம்பு ஒத்துக்கொள்ளாது, அது அவருடைய சொந்த விவகாரம், தீர்மானத்துக்கு உட்பட்டதில்லை. கதவைச் சாத்தினார். "நீ பூட்டிக்க," என்றார், "பின்னாடி மேலருந்து பாத்தா தொப்பி நல்லாத் தெரியும்," என்று வண்டியின் பின்பக்கம் போய், டயர்மேல் காலை வைத்து, ரபீக் கைகொடுக்க வருவதற்குள், ஒலிபெருக்கியின் இரும்புக் குழாயைப் பிடித்து ஏறி நின்றார், பின்தட்டில், மேலே வானம், சுற்றிலும் ஒன்றுமில்லை. தூரத்தில் மில்லின் சங்கு ஊதத் தொடங்கியது. காலுக்குக் கீழே, தகட்டின் வழியாக, நாலு கதவும் டொக் என்று விழுவது உள்ளங்காலில் தெரிந்தது. வண்டி புறப்பட்டது, குழாயை விட்டுவிட்டு இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டார்.